பெரட்டுச் சாப்பாடு

1

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. என் மகள் மதுரா அதில் நிறம் நிறமாகக் கட்டம் அடித்து வைத்திருக்கிறாள். பச்சை என்றால் பிறந்தநாள், சிவப்பு என்றால் கோயில், நீலம் என்றால் மண்டபத்தில் ஒன்றுகூடல். மஞ்சள் என்றால் யாராவது வீட்டுக்குச் சாப்பிடப் போகவேண்டும், அல்லது யாராவது நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் தைப்பொங்கல் முடியும்வரை அந்தத் தாளில் வெள்ளை இடமே கிடையாது. தீபாவளி, கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு, கிறிஸ்து பிறக்கும் நத்தார், புதுவருடம், பொங்கல் என்று வரிசை கட்டி வரும். இடையிடையே அரங்கேற்றம், பூப்புனித நீராட்டு விழா. லண்டன் குரொய்டனில் தமிழராக வாழ்வதற்கு முதலில் வேண்டியது நல்ல இரண்டு கால்கள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், கொழுப்பெடுத்துப் பேசுகிறாள் என்று நினைக்கலாம். கூப்பிட ஆள் இருப்பதற்கே கொடுத்துவைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இங்கே வந்த புதிதில் ஒரு தீபாவளிக்கு நானும் கணவரும் மட்டும் இருந்து, பாணும் பருப்பும் தின்றிருக்கிறோம். அந்த நாளை நினைத்துக்கொண்டுதான் பிறகு வந்த எல்லா அழைப்புக்கும் தலையாட்டினேன். ஆட்டிய தலை இப்போது வலிக்கிறது.

கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமான மனிதர். "நீர் எல்லாருக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு என்னோட வந்து கத்துறீர்," என்பார். அவர் சொல்வது உண்மை என்பதால்தான் எனக்குக் கோபம் வரும். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வாரத்துக்கு ஐந்து நாள் நின்றுவிட்டு, ஆறாம் நாள் மண்டபத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நிற்கும் பெண் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்பாள். "இல்லங்க, நோர்வூட்." "அது எங்க?" "ஹட்டனுக்குப் பக்கத்துல." "ஓ, மலைநாடோ," என்பாள். அந்த 'ஓ'வுக்கு நான் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்றையும் இதுவரை சொன்னதில்லை.

இன்னொரு பக்கம், அக்கா பாக்கியத்தோடு போனில் பேசும்போது என்னை அறியாமல் 'ஆமா'வுக்குப் பதில் வாயில் 'ஓம்' வந்துவிடும். "என்னா ஓமு? கோயில்ல மந்திரமா ஓதுற?" என்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இங்கே நான் இந்தியாக்காரி, அங்கே யாழ்ப்பாணத்துக்காரி. மகளின் கதை இன்னும் விசேஷம். அவள் பேசும் கொஞ்சத் தமிழ் முழுக்கத் தகப்பனுடையது. கோபம் மட்டும் எங்கள் தோட்டத்துக் கோபம்.

2

நான் பிறந்தது நோர்வூட்டிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் யாராவது படித்துவிட்டு அக்காவிடம் போய்க் கதை கட்டுவார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நீள வரிசை வீடுதான் லயம். எங்கள் லயத்தில் முன்பக்கம் பன்னிரண்டு காம்பரா, பின்பக்கம் பன்னிரண்டு காம்பரா. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், சிலவற்றில் இரண்டு. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மற்ற எல்லா வீட்டிலும் சோறு கூடுதலாக இறங்கும்.

அங்கே வருடம் முழுவதும் நாள் தொடங்குவது பெரட்டில்தான். விடிந்தும் விடியாமலும் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெயர் வாசிப்பார். இன்னார் இந்த மலைக்குக் கொழுந்து எடுக்க, இன்னார் புல்வெட்ட என்று பிரித்து அனுப்புவார். அம்மா கொழுந்து எடுத்த அத்தனை வருடத்திலும் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி நான் கண்டதில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அத்தனை பேரை அரைமணி நேரத்தில் அனுப்பவேண்டுமே.

தீபாவளியன்று பெரட்டு இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த நாள் எங்களுக்குப் பெரிய நாள். ஐப்பசி மழையும் பனிமூட்டமும் லயத்தை மூடிக் கிடக்க, தகரத்தில் கொதிக்கும் வெந்நீருக்காக நடுங்கிக்கொண்டு நிற்போம். தலையில் வைத்த எண்ணெய் குளிரில் உறைந்து போகும். குளித்து, மஞ்சள் தடவிய புதுத்துணி உடுத்தியதும் லயம் சுற்றக் கிளம்பவேண்டும். எல்லா வீட்டுக்கும் போகவேண்டும் என்பது சட்டம். எல்லா வீட்டிலும் சாப்பிட்டால் வயிறு தாங்காது. ஒரு வீட்டை விட்டாலோ அடுத்த தீபாவளிவரை அந்த வீட்டாரோடு பேச்சு இருக்காது.

இந்தச் சிக்கலை எனக்குத் தீர்த்து வைத்தவள் காமாட்சி. பக்கத்துக் காம்பராக்காரி, என் வயதுக்காரி. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாக இரவில் படுத்துக்கொண்டே பேசுவோம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, மூன்றாம் வீட்டு அதிரசத்திலேயே எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்து, "எல்லா வாசல்லயும் நின்னு ஒரே ஒரு முறுக்கு வாங்கிக்க. பையில போட்டுக்க. ஒரு வீட்டுல மட்டும் உக்காருவோம்," என்றாள். அப்படித்தான் செய்தோம். எல்லா வாசலிலும் நின்றோம், சிரித்தோம், வாங்கிக்கொண்டு நகர்ந்தோம். கடைசியில் ஒரு வீட்டில் போய் அடுப்படியில் உட்கார்ந்து, இருட்டும்வரை பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டு கதை பேசினோம். அதற்குப் பிறகு எல்லாத் தீபாவளிக்கும் அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. இப்போது இதையெல்லாம் பெரிய பெரிய பெயர் வைத்து வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எட்டாம் வகுப்போடு காமாட்சி கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். நான் பஸ் ஏறி ஹட்டனுக்குப் படிக்கப் போனேன். உயர்தரப் பரீட்சை நடந்த நாட்களில் விடியற்காலை மழையில், அட்டைக்கடியோடு என்னைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டவள் அவள்தான். ஒரு கையில் டோர்ச், ஒரு கையில் குடை. பஸ் வந்ததும் மறுபடி மேலே ஓடுவாள், பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று. ஒருநாள் பஸ் பிந்திவிட்டது. அவள் போய்ச் சேருவதற்குள் பெரட்டு முடிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் நான் அழுதபோது, "போனா போவுது. நீ எழுதுனியில்ல?" என்றாள். அவ்வளவுதான். அதைப் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

எனக்கு அவள் ஞாபகம் வராத நாள் குறைவு. வேலைக்குப் போகும் முதல் பஸ்ஸில், கண்ணாடியில் மழை வழியும்போது வரும். யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், "ஏன், வாட்ஸ்அப்பில் பேசலாமே," என்பார்கள்.

3

மூன்று வருடத்துக்கு முன்பு தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். என் அக்கா வீட்டுக்குப் போவதற்கு நான் சுற்றுலாப் பயணி என்று விண்ணப்பம் நிரப்பவேண்டி இருந்தது. 'இலங்கையில் எந்தெந்த இடங்களைப் பார்க்க விரும்புகிறீர்கள்' என்று கேட்டிருந்தார்கள். சிவனே என்று நுவரெலியா என்று போட்டேன்.

மொத்தம் பதினொரு நாள். கணவரின் உறவுகளுக்காகக் கொழும்பில் மூன்று நாள், யாழ்ப்பாணத்தில் மூன்று நாள். மகளுக்காக நுவரெலியாவில் ஒரு நாள். இறம்பொடைக் கோயிலுக்கு எனக்கு ஒரு நேர்த்திக்கடன். வாடகை வான் வண்டியில் ஓடிக் கரைந்தது போக, தோட்டத்துக்குத் தீபாவளியோடு சேர்த்து இரண்டு நாள் மிஞ்சியது. அந்த இரண்டு நாளில் லயத்து வீடுகள், தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசனில் புதிதாகக் கட்டிய தனி வீடுகள் என்று எல்லாவற்றுக்கும் எப்படி ஏறி இறங்குவது?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லண்டனில் செய்வதுபோல எல்லோரையும் ஓர் இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் என்ன? தீபாவளிக்கு அடுத்த நாள் மத்தியானம், பிள்ளைக் காம்பராவில். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. மறுநாளும் விடுமுறை என்பதால் அன்றைக்குப் பூட்டிக் கிடக்கும். ஹட்டனில் ஒரு முஸ்லிம் கடையில் பிரியாணிப் பார்சலுக்குச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு பை. அதில் சொக்லட், சவர்க்காரம், ஒரு துவாய். ஒருவரையும் விடாமல் பார்த்த மாதிரியும் ஆகிவிடும், யாருக்கும் குறையும் இருக்காது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உள்ளே உறுத்தியது. அந்த வருடம் ஆடியில் காமாட்சியின் கணவர் சந்திரன் இறந்துவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சேதி வந்தபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பி, 'நேரில் வந்து பேசுகிறேன்டி' என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் துக்கம் நடந்த வீட்டுக்கு அந்த வருடம் தீபாவளி கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டார்கள். விருந்துக்கும் போகமாட்டார்கள். மற்ற வீட்டார்தான் பலகாரம் கொண்டு போவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களும் முதலில் அந்த வாசலில்தான் செருப்பைக் கழற்றவேண்டும். இது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகத் தெரியும். ஆனால் காமாட்சி வீடு இப்போது மேல் டிவிசனில். அரைமணி நேரம் ஏறவேண்டும். தீபாவளியன்று மழை கொட்டியது. மகளுக்குச் சளி. துக்கம் என்றாலும் எனக்காகச் சாப்பாட்டுக்கு எப்படியும் வருவாள், அங்கே தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நல்ல கூட்டம். பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு மேசையைப் போட்டு, பின்னால் பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு கையால் பார்சல், ஒரு கையால் பை. "வாங்க வாங்க, வந்ததுக்கு நன்றி," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வரிசை படியைத் தாண்டி ரோட்டுவரை நின்றது. ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் சத்தம் போடவில்லை. எவ்வளவு ஒழுங்கான சனம் என்று பெருமையாக இருந்தது. மதுரா தன் போனில் எல்லாவற்றையும் வீடியோப் படம் பிடித்தாள். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

சாயங்காலம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை. என்னவென்று நான்தான் துருவினேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு. சாப்பாடும் நல்லா இருந்திச்சு," என்றாள். "ஆனா நீ எல்லாரையும் பெரட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டுட்ட, தேவி. பேரு ஒண்ணுதான் வாசிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. "வந்தவங்க சந்தோஷமாத்தானே போனாங்க?"

"பார்சலு வாங்கிக்கிட்டுப் போனாங்க. தொரை பங்களாவுல நத்தாருக்குக் குடுத்தாலும் அப்பிடித்தான் வாங்கிக்கிட்டு வருவோம். அவங்க வீட்டு வாசல்ல நீ ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. எங்க வீட்டுக்கு வந்தா, எங்க வீட்டுக்கு வந்தான்னு."

பேச்சை மாற்றுவதற்காக, "காமாட்சி வந்தாளா?" என்று கேட்டேன்.

"நான் அடுப்படியில இருந்தேன். பாக்கல."

நானும் பார்க்கவில்லை. ஆகவே அவள் வரவில்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் காலையில் ஏறிப் போகலாம் என்று நினைத்தேன். மழை விடவில்லை. பத்து மணிக்கெல்லாம் எங்களை ஏற்றிப்போக வாடகை வான் வந்து நின்றது.

4

திரும்பி வந்த பிறகு எனக்கு அவள்மேல் கோபம். அவ்வளவு தூரம் போயும் என்னைப் பார்க்க வரவில்லையே என்று அக்காவிடம் சொன்னேன், கணவரிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற கேரளத்துப் பெண்ணிடம்கூடச் சொன்னேன். இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. நான் அவள் வீட்டுக்குப் போகாததை மறைக்க, அவள் வராதது எனக்கு வசதியாக இருந்தது. மூன்று வருடம் நான் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.

இந்த வருடத் தீபாவளிக்கு நாள்காட்டியில் ஒரே நாளில் ஐந்து கட்டம். காலையில் கோயில், மத்தியானம் கணவரின் தங்கை வீடு, பிறகு இரண்டு வீடு, மாலையில் மண்டபம். கோயிலுக்குப் போய் வந்து, சேலையைக்கூட மாற்றாமல், தொலைபேசியில் ஒவ்வொருவராகத் தேடி வாழ்த்து அனுப்பிக்கொண்டு இருந்தேன். கணவர் கார்ச் சாவியோடு முன்னும் பின்னும் நடந்தார். மதுரா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஏன் ஒவ்வொருத்தருக்கா அனுப்புறீங்கள்? எல்லாரையும் ஒண்டாத் தெரிவுசெய்து ஒரு தட்டுத் தட்டினால் சரிதானே," என்றாள். அவளே செய்தும் காட்டினாள். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கத்தில் சரி அடையாளம் விழுந்துகொண்டே போயின. அக்கா சொன்ன பெரட்டு அப்போது கண்ணெதிரே நின்றது. வரிசையின் நடுவில் காமாட்சியின் பெயர்.

போனை அவளிடமிருந்து வாங்கினேன். அந்த ஒரு பெயரை மட்டும் அழுத்திக் கூப்பிட்டேன். எனக்குக் காலை. அங்கே மத்தியானம் சாய்ந்திருக்கும்.

"யாரு?"

"நான்தான்டி, தேவி."

"லண்டன் தேவியா?"

"எத்தன தேவி ஒனக்கு?"

"கீழ் லயத்துல ஒருத்தி இருக்கா. அவ தெனமும் பேசுவா."

அந்தக் குத்தலைக் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குரல் அப்படியே இருந்தது. மழையா என்று கேட்டேன். ஐப்பசியில் வேறென்ன என்றாள். மகள் புருஷனோடு வந்திருக்கிறாளாம், வடை சுடுகிறாளாம். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பேச்சை என் வாய் சும்மா விடவில்லை.

"அன்னைக்கி நீ ஏன்டி வரல? அவ்வளவு தூரத்துல இருந்து வந்தேன். ஒரு எட்டு எறங்கி வந்து பாக்க முடியலயா ஒனக்கு?"

"வந்தேனே," என்றாள்.

"எங்க வந்த?"

"புள்ளக் காம்பராவுக்கு. வரிசையில நின்னேன். ஒன் கையாலதான் பார்சலு வாங்குனேன். வந்ததுக்கு நன்றின்னு சொன்ன."

"துக்க வீட்டுக்காரி... அந்தக் கூட்டத்துக்கு எப்பிடிடி வந்த?"

"நீ வரமாட்டன்னு தெரிஞ்சிருச்சு. அதான் நான் வந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "தேவின்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"பின்னால அவ்வளவு பேரு நின்னாங்கடி. வரிசைய மறிக்கக் கூடாதில்ல," என்றாள். அடுத்து அவள் என்னவோ சொல்லத் தொடங்கும்போது தொடர்பு அறுந்துபோனது. மழை நாளில் மேல் டிவிசனுக்கு அலைவரிசை வருவதும் போவதுமாகத்தான் இருக்கும்.

5

மதுராவிடம் அந்தப் படத்தைக் கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன்பு எடுத்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தோம். மேசை, பைகள், என் தங்க வளையல்கள். முகங்கள் வந்தன, போயின. எங்கள் லயத்து மனிதர்கள், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பையைப் பார்க்கிறேன்.

அவள் வந்தாள். சாம்பல் நிறச் சேலை. தலையில் குளிருக்குத் துவாய் சுற்றியிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இளைத்தாலும் அந்தக் கண்ணை எனக்குத் தெரியாதா? ஒரு கையால் பையை வாங்கினாள். மற்றக் கையால் என் மணிக்கட்டைத் தொட்டாள், தொட்டுக்கொண்டு நின்றாள். நான் கையை உருவிக்கொண்டேன், அடுத்த பையை எடுக்க. என் குரல் தெளிவாகக் கேட்டது. "அடுத்தவங்க வாங்க."

அவள் விலகினாள். ஆனால் போகவில்லை. வாசல் தூண் பக்கமாகப் பையை அணைத்தபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலையும்வரை படத்தின் ஓரத்தில் அவள் நின்றாள்.

"இந்த அன்ரி கடைசி மட்டும் நிண்டிருக்கிறா," என்றாள் மதுரா. "ஆரம்மா இவ?"

நான் சொன்னேன். பஸ் நிறுத்தத்தையும் மழையையும் டோர்ச்சையும் சொன்னேன். இதுவரை ஒருநாளும் அவளுக்கு நான் இதைச் சொல்லவில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

வாசலிலிருந்து கணவர் கூப்பிட்டார். "நேரமாகுது. நீர் வரேல்லையோ?"

"வரலங்க. நீங்க போயிட்டு வாங்க. எல்லா வீட்டுலயும் சொல்லிருங்க, இந்த வருசம் தேவி வரமாட்டான்னு."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு போனார். மதுரா எழுந்து போய்த் தன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுபடி எண்ணை அழுத்தினேன். முதல் தரம் கிடைக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் நெடுநேரம் அடித்து எடுத்தாள்.

"என்னடி, மறுபடியும்? ஒனக்கு வேல இல்லயா இன்னைக்கி?"

"இல்ல," என்றேன். "சந்திரன் அண்ணன் எப்பிடிடி போனாரு?"

அந்தப் பக்கம் தகரத்தில் விழும் மழை மட்டும் கேட்டது. யாரையோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் வந்தது.

"அன்னைக்கும் வெள்ளனாவே எந்திரிச்சிட்டாருடி," என்று தொடங்கினாள்.